கைக்குட்டையில் ஒரு முடிச்சு

மறக்கலாகாத காரியம் ஒன்றைக் குறித்துப் பேசும்போது ஆங்கிலேயர் கையாளும் மரபுத்தொடர் ஒன்று உண்டு. 'டை எ நாட் இன் யுவர் ஹாண்ட்கர்ச்சீஃப்' என்பது அது. 'உன் கைக்குட்டையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்' என்பது அதன் சொற்பொருள். அமெரிக்காவில் கைக்குட்டைக்குப் பதிலாக விரல் வந்துவிடுகிறது. 'விரலைச் சுற்றி ஒரு நூலைக் கட்டிக்கொள்' என்பார்கள். இரண்டுக்கும் கருத்து ஒன்றே: 'இதை மறந்துவிடாதே.'

இத்தொடர் வெறும் சொல்லலங்காரமாகத் தோன்றியதன்று; மக்கள் உண்மையிலேயே செய்துவந்த ஒரு காரியத்திலிருந்து பிறந்தது. காலையில் வேலைக்குப் புறப்படும் ஒருவரிடம், மாலையில் திரும்பும்போது மருந்துக் கடையில் இன்ன மருந்தை வாங்கி வரும்படி வீட்டார் சொல்கிறார்கள். அவர் சட்டைப் பையிலிருக்கும் கைக்குட்டையை எடுத்து, ஒரு மூலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு போகிறார். பகலில் எத்தனையோ வேலை. மருந்தின் நினைவே இல்லை. மாலையில் முகத்தைத் துடைக்கக் கைக்குட்டையை எடுக்கிறார். முடிச்சு விரலில் தட்டுப்படுகிறது. 'இது எதற்கு?' என்று மனம் கேட்கிறது. மருந்து நினைவுக்கு வருகிறது. வாங்கியதும் முடிச்சை அவிழ்த்துவிடுகிறார். இன்று துணிக் கைக்குட்டை வைத்திருப்போர் தொகை குறைந்துவிட்டது. காகிதக் கைக்குட்டையில் முடிச்சு நில்லாது. நினைவூட்டும் வேலையையும் கைத்தொலைபேசி எடுத்துக்கொண்டது. ஆயினும் செயல் அருகிய பின்னரும் சொல் வாழ்கிறது. மொழிகளில் இஃது இயல்பாக நிகழ்வதுதான்.

இந்த ஆங்கிலத் தொடரை நம்மில் பலர் புத்தகத்தின் வாயிலாகவோ அலுவலகத்திலோ அறிந்திருப்போம். அதன் உடன்பிறப்புகள் நம் அண்டை வீடுகளிலேயே வழங்குகின்றன என்பதைக் கவனித்தவர்கள் சிலராகவே இருக்கக்கூடும். பிழைப்பை முன்னிட்டுத் தமிழகத்தை விட்டு வந்து, வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, அலுவலகத்தில் ஒரு மொழி என்று வாழ்கிற நமக்கு இதனை அறிவதால் பயனுண்டு. ஏனெனில் முடிச்சு எல்லா மொழிகளிலும் இருக்கிறது. அது கட்டிவைக்கும் பொருள்தான் மொழிக்கு மொழி வேறுபடுகிறது.

தமிழ்நாட்டு இளைஞர் ஒருவர் வேலை கிடைத்து டில்லிக்கு வந்து, ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மே மாதம். பகலில் 'லூ' எனப்படும் அனற்காற்று வீசுகிறது. வீட்டுக்கார அம்மாள் அவரை அழைத்து, 'பேட்டா, வெறும் வயிற்றோடும் தண்ணீர் குடியாமலும் வெயிலில் இறங்காதே. யே பாத் காண்ட் பாந்த் லோ' என்கிறார். 'காண்ட்' என்றால் முடிச்சு. 'பாந்த் லோ' என்றால் கட்டிக்கொள். நம் இளைஞர் எந்த மூட்டையைக் கட்டச் சொல்கிறார் என்று சுற்றுமுற்றும் பார்க்கிறார். அம்மாள் சொன்னதோ, 'இந்தச் சொல்லை முடிச்சாகக் கட்டி வைத்துக்கொள். ஒருநாளும் மறவாதே' என்பது. அனற்காற்றில் அடிபட்டு உயிரிழப்போர் உள்ள ஊரில், அச்சொல்லின் பொருளைத் தவறவிடுவது சிறிய குறையன்று.

இதே கருத்தை உருதுவில் 'கிரஹ் மே பாந்த் லோ' என்பார்கள். 'கிரஹ்' என்பதும் முடிச்சே. பஞ்சாபியர் 'பல்லே பன்ன் லை' என்பார்கள். 'பல்லா' என்பது துணியின் தலைப்பு. நாம் முந்தானை என்பதற்கு வடக்கே வழங்கும் 'பல்லு' என்ற சொல்லும் அதன் உறவே. காசைத் தலைப்பில் முடிந்துகொள்வது போல நல்ல சொல்லையும் முடிந்துகொள் என்பது குறிப்பு. சொன்னது விளங்கவில்லை என்பதற்கும் இந்தியில் 'பல்லே நஹீ படா', அதாவது 'என் தலைப்பில் ஒன்றும் விழவில்லை' என்று சொல்கிறார்கள். இத்தொடர்களை ஒருங்கே வைத்துப் பார்த்தால், சட்டைப் பை என்ற ஒன்று வருமுன்னர் இந்நாட்டு மக்களுக்குப் பணப்பையும் குறிப்பேடும் துணியின் ஓரமாகவே இருந்தன என்பது தெளிவாகிறது.

மராத்தி மொழியில் 'கூண்காட்' என்றொரு சொல் உண்டு. 'கூண்' என்றால் அடையாளம். 'காட்' என்றால் முடிச்சு. 'மனாஷீ கூண்காட் பாந்தணே' என்றால் மனத்தோடு ஓர் அடையாள முடிச்சைப் போட்டுக்கொள்ளுதல், அதாவது ஒன்றை உறுதியாக உள்ளத்தில் இருத்திக்கொள்ளுதல் என்று பொருள். சிறிது இந்தி தெரிந்த நிலையில் மும்பைக்கு வருகிறவர்கள் இங்கே தடுமாறுவதுண்டு. இந்தியில் 'கூன்' என்பது இரத்தம். மராத்தியில் 'கூண்' என்பது அடையாளம். றன்னகரத்துக்கும் டண்ணகரத்துக்கும் உள்ள வேற்றுமை தமிழர் காதுக்குப் புதிதன்று. அதனைக் கூர்ந்து கேட்டாலே போதும்.

இனி எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். மராத்தியில் மனத்தோடு முடிச்சுப் போட்டுக்கொள்வது உறுதியின் அறிகுறி. இந்தியிலோ 'மன் மே காண்ட்' என்றால் மனத்தில் வைத்திருக்கும் மனத்தாங்கல், ஆறாத பகை என்று பொருள். மும்பையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு இந்தி வழங்கும் ஊருக்கு மாற்றலாகிப் போகிற ஒருவர், தம் மேலதிகாரியிடம் பணிவாக, 'தாங்கள் சொன்னதைக் குறித்து என் மனத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது' என்று மராத்தித் தொடரை இந்தியில் பெயர்த்துச் சொல்லிவிட்டால், அதிகாரியின் முகம் மாறிவிடும். அவர் காதில் விழுவது, 'தங்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு' என்பது. 'சொல்லை முடிச்சாகக் கட்டிக்கொண்டேன்' என்றால் நன்றி. 'மனத்தில் முடிச்சு விழுந்தது' என்றால் பகை. இடையே இருப்பது ஒரு வேற்றுமை உருபும் ஒரு வினைச்சொல்லுமே.

ஆங்கிலத்திலும் இத்தகைய பள்ளம் ஒன்று உண்டு. 'டை எ நாட்' என்பது 'ஒரு முடிச்சுப் போடு'. அதில் ஒரு சிறு சொல்லை மாற்றி 'டை தி நாட்' என்றால் 'திருமணம் செய்துகொள்' என்று ஆகிவிடும். நாமும் திருமணத்தை மூன்று முடிச்சு என்றே குறிப்பதால் இதனைப் புரிந்துகொள்வது எளிது. பேசும்போது தவறவிடுவதும் அவ்வளவு எளிது.

தமிழிலே முடிச்சின் நிலை என்ன? ஒன்றோடொன்று தொடர்பில்லாதவற்றை இணைத்துப் பேசுகிறவரை, 'மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறார்' என்கிறோம். பிறர் மடியிலுள்ள காசைத் திருடுகிறவனை முடிச்சவிழ்க்கி என்றும் முடிச்சுமாறி என்றும் ஏசுகிறோம். கதையில் அவிழாத புதிர் இருந்தால் அதனையும் முடிச்சு என்கிறோம். ஆகவே கைக்குட்டைத் தொடரையோ காண்ட் தொடரையோ சொல்லுக்குச் சொல் பெயர்த்து, 'நான் சொன்னதற்கு ஒரு முடிச்சுப் போடு' என்று ஊரிலிருக்கும் பாட்டியிடம் சொன்னால், அவர் திகைத்துப் போவார். நினைவில் வைத்தலுக்குத் தமிழ் வேறு வழிகளைக் கண்டிருக்கிறது. நெஞ்சில் பதித்துக்கொள், மனத்தில் இருத்திக்கொள், கருத்தில் கொள் என்கிறோம். எழுத்தைப் பதிப்பதுபோலவும் விருந்தினரை அமரச் செய்வதுபோலவும் சொல்கிறோமேயன்றி, கட்டிவைப்பதாகச் சொல்வது அரிது. ஒரு மொழியின் தொடரை மற்றொன்றுக்குக் கொண்டு போகும்போது, அதன் சொற்களை விட்டுவிட்டு, அது செய்யும் வேலையைக் கொண்டு போவதே முறை. 'காண்ட் பாந்த் லோ' என்பதற்கு நேரான தமிழ் 'நெஞ்சில் பதித்துக்கொள்' என்பதே.

வேலை என்று சொன்னோம். ஆங்கில முடிச்சுக்கும் இந்தி முடிச்சுக்கும் வேலையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. கைக்குட்டை முடிச்சு ஒருநாள் முடிச்சு; கடிதத்தைத் தபாலில் சேர்த்தல், மருந்து வாங்குதல் போன்ற சிறு கடமைக்காக இடப்படுவது. காரியம் முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்க்காவிட்டால் நாளைய முடிச்சோடு குழம்பும். இந்தி முடிச்சோ அவிழ்ப்பதற்காக இடப்படுவதன்று. பெரியோர் சொன்ன அறிவுரையை வாழ்நாள் முழுதும் காப்பது அது. காலத்தையே முடிச்சிட்டு எண்ணும் வழக்கமும் வடநாட்டில் இருந்திருக்கிறது. குழந்தை பிறந்ததும் ஒரு கயிற்றை எடுத்து, ஆண்டுக்கொரு முடிச்சு இட்டு வருவார்கள். அதனாலேயே உருதுவில் பிறந்தநாளுக்குச் 'சால்கிரஹ்' என்றும், இந்தியில் ஆண்டு நிறைவுக்கு 'வர்ஷ்காண்ட்' என்றும் பெயர் ஏற்பட்டது. இரண்டும் 'ஆண்டு முடிச்சு' என்ற ஒரே பொருளைத் தருவன. அண்டை வீட்டார் திருமண நாளுக்கு அனுப்பும் அழைப்பிதழில் அச்சொல்லைக் காணும்போது, அதனுள் ஒரு கயிறு இருப்பதை நாம் இனி அறிந்துகொள்வோம்.

நினைவுக்காக முடிச்சிடும் வழக்கம் தமிழரிடம் இல்லவேயில்லையா என்று கேட்கலாம். உண்டு, சொல்லில் அருகியிருந்தாலும் செயலில் இருக்கிறது. வீட்டில் ஒருவருக்குக் கடும் காய்ச்சல் என்றாலோ, மகப்பேறு நல்லபடியாக முடிய வேண்டும் என்றாலோ, நம் தாய்மார் ஒரு காசைக் கழுவி, மஞ்சள் நீரில் நனைத்த துணியில் முடிந்து, சாமி படத்தின் முன் வைப்பார்கள். 'காசு முடிந்து வைத்தல்' என்பது அதன் பெயர். திருப்பதிப் பெருமாளுக்கு இருக்கலாம், பழனியாண்டவருக்கு இருக்கலாம், ஊர் எல்லையிலுள்ள குலதெய்வத்துக்கும் இருக்கலாம். வேண்டியது நிறைவேறிய பின் அக்கோயிலுக்குச் சென்று, அந்த முடிச்சை உண்டியலில் சேர்க்கும் வரையில் அவிழ்க்க மாட்டார்கள். கைக்குட்டை முடிச்சைப் போல இதுவும் செய்ய வேண்டிய ஒரு கடமையைச் சுட்டுகிறது. காண்ட் முடிச்சைப் போல எளிதில் அவிழ்க்கப்படாமலும் இருக்கிறது.

முடிச்சு எவ்வாறு நினைவூட்டுகிறது என்பதையும் சற்று ஆராய்வோம். பாரசீகப் பேரரசன் தரியு கி.மு. 513-ஆம் ஆண்டு வாக்கில் சித்தியர் நாட்டின்மீது படையெடுத்தான். தன்யூப் ஆற்றின் மேல் படகுகளால் ஒரு பாலம் அமைத்து, அதனைக் காக்க அயோனியக் கிரேக்கரை நிறுத்தினான். அவர்களிடம் அறுபது முடிச்சுகள் இட்ட தோல்வார் ஒன்றைக் கொடுத்து, 'நாளொன்றுக்கு ஒரு முடிச்சை அவிழ்த்து வாருங்கள். முடிச்சுகள் தீர்ந்த பின்னும் நான் வராவிட்டால் உங்கள் ஊருக்குப் போய்விடலாம்' என்று சொன்னதாக வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார். முடிச்சுகள் தீர்ந்தன, அரசன் வரவில்லை. ஆயினும் பாலத்தை அடியோடு விட்டுப் போகாமல் கிரேக்கர் காத்திருந்தார்கள். அரசன் தப்பி மீண்டான். முடிச்சு நாளை எண்ணித் தந்தது. என்ன செய்வது என்பதை மனிதரே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

தென்னமெரிக்காவின் இன்கா மக்கள் முடிச்சுகளைக் கொண்டே ஒரு பேரரசின் கணக்குகளை வைத்திருந்தார்கள். 'கீப்பு' எனப்படும் அச்சாதனத்தில் ஒரு முதன்மைக் கயிற்றிலிருந்து பல கிளைக் கயிறுகள் தொங்கும். ஒவ்வொரு கயிற்றிலும் ஒன்று, பத்து, நூறு என்ற இடங்களில் முடிச்சுகள் இடப்பட்டிருக்கும். அவற்றைப் பேணிப் படித்துச் சொல்வதற்கென்றே பயிற்சி பெற்ற அலுவலர் இருந்தார்கள். 1532-ஆம் ஆண்டில் ஸ்பானியர் நுழைந்தபின் அப்பேரரசு குலைந்தது. காலப்போக்கில் அவ்வலுவலரின் மரபும் அற்றது. 1912-ஆம் ஆண்டில் லீலண்ட் லாக் என்ற அமெரிக்க அறிஞர் இம்முடிச்சுகள் பதின்ம முறையில் எண்களைக் குறிப்பன என்று நிறுவினார். இன்று அருங்காட்சியகங்களில் உள்ள பல நூறு கீப்புகளில் எண்களைப் படிக்க இயலும். ஆனால் அந்த எண்கள் எவற்றின் எண்ணிக்கை, தானியமா, ஆட்களா, ஆட்டு மந்தையா என்பதைப் பெரும்பாலானவற்றில் எவராலும் சொல்ல இயலவில்லை. நூல் அழியவில்லை, முடிச்சும் அவிழவில்லை. அதைச் சொல்லத் தெரிந்த வாய்தான் இல்லாமற் போயிற்று.

இதுதான் முடிச்சின் வலிவும் மெலிவும். 'ஏதோ ஒன்று இருக்கிறது' என்று அது சொல்லும். 'இன்னது' என்று சொல்லாது. கைக்குட்டையில் முடிச்சிட்டவர் மாலையில் அதனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எதற்காக இட்டோம் என்று தெரியாமல் விழிப்பது நகைச்சுவைக் கதைகளில் பழகிய காட்சி. உளநூலாரும் நினைவை இரு வகையாகப் பிரிக்கிறார்கள். நடந்ததை நினைத்தல் ஒன்று. இனிச் செய்ய வேண்டியதை உரிய வேளையில் நினைத்தல் மற்றொன்று. பின்னதற்கு வெறும் தீர்மானம் மட்டும் போதாது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளநூலறிஞர் 1999-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், 'இதைச் செய்வேன்' என்று பொதுவாக எண்ணுவதைவிட, 'இன்ன இடத்தில் இன்னது நேரும்போது இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே இணைத்துக்கொள்வோர் கூடுதலாக நிறைவேற்றுகிறார்கள் என்று விளக்கினார். 'மருந்து வாங்க வேண்டும்' என்பதைவிட, 'பேருந்தை விட்டு இறங்கியதும் எதிரிலுள்ள கடைக்குப் போவேன்' என்று எண்ணிக்கொள்வது உறுதியானது. முடிச்சோடு இடத்தையும் வேளையையும் சேர்த்துக் கட்டவேண்டும் என்பதே இதன் சாரம்.

இங்கே நம் இல்லங்களைப் பற்றி ஒரு சொல். ஊரை விட்டு வந்து இரண்டு மூன்று தலைமுறைகள் ஆன குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. பூசை அலமாரியைத் தூய்மை செய்யும்போது, படங்களுக்குப் பின்னாலிருந்து நிறம் மங்கிய மஞ்சள் துணி முடிச்சு ஒன்று கிடைக்கிறது. உள்ளே, வழக்கொழிந்த பழைய நாணயம். முடிந்து வைத்த பாட்டி இல்லை. யாருக்கு உடல்நலம் இல்லாதபோது முடிந்தார்? எந்தத் தெய்வத்துக்கு? அந்தக் கோயில் எந்த ஊரில்? பேரப் பிள்ளைகளுக்குத் தெரியாது. சிலவேளை மகனுக்கும் தெரியாது. ஒரு தாய் எவருடைய உயிருக்காகவோ அஞ்சி நின்ற வேளையில் கொடுத்த வாக்கு அது. அந்த உயிர் பிழைத்ததனாலேதான் ஒருவேளை இன்று அந்த வீட்டில் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். ஆனால் அவர்கள் கையிலிருப்பது கீப்புவைப் போன்ற ஒரு முடிச்சு. எறியவும் மனம் வராது. செலுத்தவும் வழி தெரியாது.

ஆகையால் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காசு முடிந்து வைக்கும் பெரியவர்கள் இருக்கும்போதே, அது யாருக்காக, எந்தக் கோயிலுக்கு, எந்த ஊருக்கு எந்த வழியாகப் போகவேண்டும் என்பவற்றை அவர்களிடம் கேட்டு, ஒரு சிறு தாளில் எழுதி அந்த முடிச்சோடு வைத்துவிடலாம். கைத்தொலைபேசியில் குறித்துக்கொள்வதும் நன்றே. ஆனால் தொலைபேசி சில ஆண்டுகளில் மாறிவிடும், தாள் அலமாரியிலேயே இருக்கும். எழுதுவதைத் தமிழில் எழுதினால், அதைப் படிப்பதற்காகவேனும் பிள்ளைகள் எழுத்துக் கற்பார்கள். அவர்களுக்குத் தமிழ் படிக்க வராதென்றால், அவர்கள் அறிந்த எழுத்திலும் ஒருமுறை எழுதி வைக்கலாம்; பொருள் தவறிப் போகாதிருப்பதே முக்கியம்.

மொழிக்கும் இதையே சொல்லலாம். நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும், விளையாட்டில் இந்தியோ மராத்தியோ வேறு மொழியோ, வீட்டில் தமிழும் பேசுகிறார்கள். மூன்றிலும் முடிச்சு வரும். கைக்குட்டை முடிச்சு எதற்கு, 'காண்ட் பாந்த் லோ' எதற்கு, நெஞ்சில் பதித்தல் எதற்கு என்று ஒருநாள் உணவு வேளையில் அவர்களோடு பேசிப் பார்க்கலாம். அண்டை வீட்டாரிடமும், 'உங்கள் மொழியில் இதை எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேட்கலாம். கேட்பவரை எவரும் வெறுப்பதில்லை. தம் மொழியின் ஒரு தொடரை மதித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டவரிடம் பெரும்பாலோர்க்குத் தனி அன்பு உண்டாகிறது. அடுத்த முறை வீட்டுக்கார அம்மாள் ஏதேனும் நல்லது சொல்லி 'காண்ட் பாந்த் லோ' என்றால், மூட்டையைத் தேடாமல், 'பாந்த் லீ, மாஜி', அதாவது 'கட்டிக்கொண்டேன், அம்மா' என்று விடை சொல்லலாம். பிறகு மறவாமல் தண்ணீர் குடித்துவிட்டு வெயிலில் இறங்கலாம்.